வேகத்தடையில் பின்னாலிருந்து 'டொக்' சத்தம்: பின்பக்க சஸ்பென்ஷனை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

நாலாம் கியர்:

வணக்கம். என்னுடையது முன்சக்கர இழுவை கொண்ட சின்ன ஹேட்ச்பேக். பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக் கொடுக்கும் குறுக்குச் சட்டம்), அதில் ஸ்பிரிங் ஓரிடத்திலும் ஷாக் அப்சார்பர் வேறிடத்திலும் தனித்தனியாக நிற்கின்றன. கொஞ்ச காலமாக இடது பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்று சத்தம் வருகிறது. பெரிய பள்ளத்தில் இறங்கினால் வருவதில்லை. வேகத்தடை, ஒட்டுப்போட்ட தார், சின்னச் சின்ன மேடு, அதுவும் மெதுவாகப் போகும்போதுதான் வருகிறது. பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சமதளத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து பார்த்தால் இடதுபக்கம் லேசாகத் தணிந்திருப்பதாகவும் தோன்றுகிறது.

ஒரு இடத்தில் காட்டினேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் ஷாக், ஸ்பிரிங், பீம் புஷ் (பீம் பாடியோடு சேரும் இடத்து ரப்பர் உறை) எல்லாவற்றையும் மாற்று என்றார்கள். பிரேக் ஷூ, வீல் பேரிங் வரைக்கும் நானே மாற்றிப் பழக்கம் உண்டு. இதையும் வீட்டில் செய்ய ஆசை. எது போயிருக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது? ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கட்டாயமா? ஷாக்கின் மேல் எண்ணெய்ப் படலம் தெரிகிறது, அது போய்விட்டதற்கு அடையாளமா?

பழைய ஸ்பேனர்:

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், தரைவிரிப்புக்கு அடியில் கிடக்கும் எல்லாம் வெளியே வரட்டும். பின்சீட்டின் சாய்மானக் கொக்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சைலென்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள், வண்டி குளிர்ந்த பிறகு. சிரிக்காதீர்கள், பின்பக்க 'டொக்' என்று வரும் புகாரில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும்.

எண்ணெய் விஷயம்: ஷாக்கின் தண்டு மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சீல் ஈரமாகிக்கொண்டேதான் இருக்கும். மேல்பகுதியில் மெல்லிய படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருப்பது சாதாரணம். உடல் முழுக்க வழிந்து, கீழ்ப் போல்ட்டில் சொட்டாக நின்றால்தான் ஷாக் போய்விட்டது. துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

இரவுப் பயணி:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பின்பக்கத்தை அழுத்தி விடுங்கள். ஒரு தடவைக்கு மேல் ஆடினால் ஷாக் போச்சு. இரண்டையும் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

ரப்பர் புஷ்:

அழுத்திப் பார்க்கும் சோதனை, முழுக்கச் செத்துப்போன ஷாக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்த ஷாக் அதில் தேறிவிடும். கையால் அழுத்தும் வேகமும் சாலையில் சக்கரம் துள்ளும் வேகமும் ஒன்றல்ல. அதைவிட டயரைப் பாருங்கள். ஷாக் தளர்ந்திருந்தால் சக்கரம் தரையைத் தட்டித் தட்டி ஓடும்; தடம் முழுக்கத் தேயாமல் விட்டுவிட்டுக் குழிகுழியாகத் தேய்ந்திருக்கும். கையை வைத்துத் தடவினாலே தெரியும்.

நாலாம் கியர் சொன்னதில் ஒரு நல்ல துப்பு இருக்கிறது. ஷாக் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் செய்வது அசைவை அடக்குவது மட்டுமே. ஆகவே ஷாக்கின் மேல்முனை ரப்பரிலோ கீழ்ப் புஷ்ஷிலோ ஆட்டம் இருந்தால், பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் அது தட்டிக்கொண்டுதான் இருக்கும். எடை ஏறினதும் அடங்குகிற சத்தம் என்றால் எடை போகிற பாதையில் தேடுங்கள்: ஸ்பிரிங், அதன் மேல் கீழ் ரப்பர், அது உட்காரும் கிண்ணம். பக்கம் தணிந்திருக்கிறது என்பதும் அதோடு பொருந்துகிறது. என் பந்தயம் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்திருக்கிறது.

பழைய ஸ்பேனர்:

ஒத்துக்கொள்கிறேன். அடிச்சுற்றுதான் பெரும்பாலும் முதல் பலி. கிண்ணத்தில் சேறும் ஈரமும் தங்கும், சின்னக் கல் பட்டுப் பூச்சு பெயரும், அங்கே துரு குழி விழும், அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். உடைந்த துண்டு கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்பிரிங் முழுசாகத்தான் தெரியும். தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். கம்பியின் முனை எங்கே முடிகிறது, வெட்டிய முகமா, உடைந்த முகமா என்று பாருங்கள். வண்டி ஜாக்கியில் இருக்கும்போது சுற்றுகளுக்கு நடுவே விரலை விடாதீர்கள்.

தொடங்கும் முன் இன்னொரு வேலை: நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும்போது, ஒவ்வொரு பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேர்க்குத்தாக அளந்து எழுதி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாலாம் கியர்:

டிக்கியைக் காலி செய்தும் சத்தம் போகவில்லை. கழுவிப் பார்த்தேன். ரப்பர் புஷ் சொன்னதுதான்! இடது ஸ்பிரிங்கின் அடியில் ஏறக்குறைய ஒரு சுற்று தனித் துண்டாகக் கிடக்கிறது. வலதுபக்கம் நன்றாக இருக்கிறது. மட்கார்டு அளவில் இடது பக்கம் 15 மி.மீ. குறைவு. ஷாக்கைத் துடைத்துவிட்டேன், புதிதாகக் கசிவு எதுவும் இல்லை. பீம் புஷ்ஷில் விரிசல் தெரியவில்லை.

அப்படியானால் இடது ஸ்பிரிங் ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

இரவுப் பயணி:

போதும் என்பேன். நல்லதை ஏன் கழற்ற வேண்டும்?

ரப்பர் புஷ்:

வேண்டாம். பழைய ஸ்பிரிங் வருடக்கணக்கில் சுமந்து சற்று உட்கார்ந்திருக்கும், புதியது நிமிர்ந்து நிற்கும். இடதும் வலதும் வேறு வேறு உயரம் என்றால் வளைவில் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாயாது. அதைவிட முக்கியம், இரண்டும் ஒரே வயது, ஒரே சேறு, ஒரே துரு. ஒன்று உடைந்தால் மற்றதும் அதே வழியில்தான் இருக்கிறது. எப்படியும் பீமை இறக்கத்தான் போகிறீர்கள், இரண்டாவது ஸ்பிரிங்குக்குக் கூடுதல் வேலை அரை மணி நேரம்.

உடைந்த ஸ்பிரிங்கோடு அதுவரை ஓட்ட வேண்டாம். துண்டு கிண்ணத்திலிருந்து நழுவினால் மேலே இருக்கும் கூரான முனை சரிந்து டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும்.

மூன்று கால் ஜாக்கி:

ஒரு எச்சரிக்கை சொல்லவே கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். பின்பக்கத்தைத் தூக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அந்தச் சக்கரங்களையே தரையிலிருந்து எடுத்துவிட்டால் ஹேண்ட் பிரேக்கால் எந்தப் பயனும் இல்லை. வண்டி முன்சக்கரங்களில் உருளும், ஸ்டாண்ட் சாயும். ஆகவே சமமான கெட்டித் தரை, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கியர் வண்டியானால் முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கிக்கொள்ளுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்ட். செங்கல், சிமென்ட் பிளாக் இரண்டும் கூடவே கூடாது. அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்ற பிறகே அடியில் போங்கள். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டியின் ஓரத்துக்குக் கீழே தள்ளி வையுங்கள்.

பழைய ஸ்பேனர்:

சரி, இப்போது வேலை. கம்ப்ரஸர் கேள்விக்குப் பதில்: உங்கள் அமைப்புக்குப் பெரும்பாலும் தேவையில்லை. 1974இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் மூலம் பரவலான இந்த டார்ஷன் பீம் இன்றும் சின்னக் கார்களில் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதன் எளிமையும் ஒரு காரணம். பீமை இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கைக்கு வரும். ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஸ்ட்ரட் வகை என்றால் கதை வேறு. அதற்குக் கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைத் தொடவே கூடாது.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஒவ்வொரு போல்ட்டைத் தொடும் முன்னும், "இப்போது எடையை எது தாங்குகிறது, இதைக் கழற்றினால் எது தாங்கும்?" என்று கேளுங்கள். சின்னக் காரில் ஒரு பின்சக்கரத்தின் மேல் சுமார் 200 கிலோ இருக்கும். சக்கரம் தொங்கும்போது அதில் பெரும்பங்கு போய்விடும், ஆனால் முழுக்கப் போகாது. அந்த மிச்ச இறுக்கத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்திருப்பது உங்கள் ஷாக். ஆம், சக்கரம் அதற்குமேல் கீழே போகாமல் நிறுத்துவது பெரும்பாலான கார்களில் ஷாக்கின் நீளம்தான். அதன் கீழ்ப் போல்ட்டை அப்படியே உருவினால் பீம் தடாலென விழும், ஸ்பிரிங் தெறிக்கும், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) ஒயரும் இழுபடும்.

ஆகவே ஸ்டாண்டுகள் பாடியின் அடியில், கையேட்டில் காட்டிய இடத்தில். பீமின் அடியில் வைக்கக் கூடாது, அது இறங்க வேண்டுமே. இன்னொரு ஜாக்கியை ஸ்பிரிங் கிண்ணத்துக்கு அடியில் வைத்து, ஷாக் துளி அமுங்கும் வரை மட்டும் தூக்குங்கள். அந்த நிலையில் கீழ்ப் போல்ட்டில் சுமை இருக்காது, கையால் உருவலாம். உருவ முடியாமல் இறுகினால் ஜாக்கியை ஒரு மயிரிழை ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். மறுபக்கமும் இப்படியே. பீம் இரண்டு சக்கரத்தையும் இணைப்பதால் ஒரு பக்க ஷாக்கை மட்டும் விடுவித்தால் போதிய அளவு இறங்காது.

இறக்கும் முன் பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர் ஆகியவற்றின் கிளிப்புகளைக் கழற்றிவிடுங்கள். மெதுவாக இறக்கிக்கொண்டே ஹோஸைக் கவனியுங்கள். ஸ்பிரிங் கையால் ஆடும் அளவுக்கு வந்ததும் எடுங்கள். இன்னும் இறுக்கமாக இருந்தால் கம்பி போட்டு நெம்ப வேண்டாம், இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

நாலாம் கியர்:

அருமை. இப்போதே ஒரு தடங்கல். இடது ஷாக்கின் கீழ்ப் போல்ட் அசையவில்லை. ஸ்பேனரைத் திருப்பினால் தலை கொஞ்சம் சுற்றுகிறது, விட்டால் திரும்பி வந்துவிடுகிறது.

ரப்பர் புஷ்:

போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது. நீங்கள் திருப்புவது ரப்பரைத்தான், அது முறுக்கித் திரும்புகிறது. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு முனையிலும் அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துரு பீமில் பற்றவைத்திருக்கும் நட்டின் மரையைத் தின்றுவிடும். அப்புறம் நீளக் கைப்பிடி ஸ்பேனரில் கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்கி என்று நகர்த்துங்கள்.

நெருப்பு காட்டாதீர்கள். கேஸ் ஷாக்கின் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது, பக்கத்தில் ரப்பரும் பிரேக் ஹோஸும் இருக்கின்றன. எதற்கும் வரவில்லை என்றால் புஷ்ஷுக்கும் தாங்கிக்கும் நடுவே ரம்பப் பிளேடால் போல்ட்டை அறுப்பதுதான் வழி. அப்படியானால் ஷாக்கும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

பழைய ஸ்பேனர்:

வண்டியின் வயதைப் பார்த்தால் ஷாக் ஜோடியை இப்போதே மாற்றுவதில் தவறில்லை. கசியவில்லை என்பது சரி, ஆனால் உழைப்பு ஒன்றுதானே. மேல் நட்டு டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் இருக்கும். அதை இளக்கும்போது தண்டும் கூடவே சுற்றும். தண்டின் நுனியில் ஆலன் சாவிக்கு ஒரு குழியோ தட்டையான பக்கங்களோ இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். புது ஷாக்கின் தண்டை மட்டும் குறடால் பிடித்துவிடாதீர்கள். பளபளக்கும் அந்தப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழிந்து எண்ணெய் வரத் தொடங்கும். தட்டித் தட்டித் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்சும் அங்கே வேண்டாம்.

புது ஷாக் பெட்டியில் படுத்தே கிடந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை முழுசாக இழுத்து அமுக்கினால் வேலைசெய்யும் குழாயிலிருந்து காற்று வெளியேறும், பிறகு மாட்டும் வரை நிமிர்த்தியே வையுங்கள். பழைய பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் கட்டை) பொடிந்திருந்தால் புதிது போடுங்கள், தூசி உறையையும் சேர்த்து.

நாலாம் கியர்:

எண்ணெயில் ஊறி, இளக்கி இறுக்கி, ஒருவழியாகப் போல்ட் வந்துவிட்டது. ஆனாலும் ஷாக் ஜோடி வாங்கிவிட்டேன். பழைய ஸ்பிரிங் கையால் எடுக்கவே வந்தது, கம்ப்ரஸர் தேவைப்படவில்லை. புது ஸ்பிரிங்கை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

ரப்பர் புஷ்:

கிண்ணத்தில் ஒரு படிக்கட்டு மாதிரி தடுப்பு இருக்கும், கம்பியின் முனை அதில் போய் முட்ட வேண்டும். கீழ் ரப்பரிலும் அதற்கான பள்ளம் உண்டு. கிண்ணத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் வடியும் ஓட்டையைக் குத்தித் திறந்துவிடுங்கள். அந்த ஓட்டை அடைத்ததில்தான் பாதித் துரு.

அடுத்து சொல்வது மிக முக்கியம். கீழ்ப் போல்ட்டை வண்டி தொங்கும் நிலையில் கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். கை இறுக்கத்தில் விட்டு, எடை ஏறிய பிறகே இறுக்குங்கள்.

இரவுப் பயணி:

நான் எப்போதும் தொங்கவிட்டேதான் இறுக்குகிறேன். ஒன்றும் ஆனதில்லை.

ரப்பர் புஷ்:

உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் சிக்கல். இந்தப் புஷ்ஷில் ரப்பர், உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டவைக்கப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். அதன்பின் அங்கே எதுவும் வழுக்குவதில்லை, ரப்பர் முறுக்கிக்கொள்வதுதான் அசைவு. தொங்கும்போது பூட்டினால் வண்டி தரையில் நின்றதுமே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடும். சும்மா நிறுத்தி வைத்திருக்கும்போதும் முறுக்கு, ஓடும்போது அதற்கு மேலும் முறுக்கு. ஷாக்கின் கீழ்ப் புஷ் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பீமின் பெரிய புஷ் பொறுக்காது, சீக்கிரமே கிழியும்.

பழைய ஸ்பேனர்:

அதற்குத்தான் மட்கார்டு அளவை எழுதச் சொன்னேன். தரையில் நிற்கும்போது அடியில் கை நுழையாது என்றால், சக்கரம் மாட்டாமலே பீமின் கீழ் ஜாக்கியால் மெதுவாகத் தூக்கி, நல்ல பக்கத்தில் குறித்த அளவுக்கு மையம் வந்ததும் டார்க் ரெஞ்சால் (குறித்த பலத்தில் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பாடி ஸ்டாண்டிலிருந்து கிளம்பத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். இறுக்கும் அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதுதான், வேறு காருக்குச் சொன்னது உதவாது. ஷாக் மேல் நட்டுக்கும் சக்கர நட்டுக்கும் அளவு மலைக்கும் மடுவுக்கும். சக்கர நட்டு பல சின்னக் கார்களில் 100 நியூட்டன் மீட்டரைச் சுற்றி இருக்கும், மெல்லிய தண்டு நட்டுக்கு அதே பலத்தைக் கொடுத்தால் மரை போய்விடும்.

பட்டைக்காரர்:

இடையில் ஒரு கேள்வி. என் வண்டியில் பின்னால் பட்டை ஸ்பிரிங். ஷேக்கிள் (பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் ஆடும் தாங்கி) புஷ் மாற்றப் போகிறேன். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பழைய ஸ்பேனர்:

வேண்டாம், புதிது போடுங்கள். ஒருமுறை இறுக்கி இழுபட்ட போல்ட் அதே பிடியைத் திரும்பத் தராது. நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, சமமாக இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சோதியுங்கள். பட்டையின் நடுப்போல்ட் தலை ஹவுசிங்கின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்காமல் இறுக்கினால் அச்சு கோணலாகிவிடும். ஷேக்கிள் போல்ட்டுக்கும் மேலே சொன்ன அதே விதி: எடை ஏறிய பிறகே கடைசி இறுக்கு.

மூன்று கால் ஜாக்கி:

மல்டிலிங்க் (ஒவ்வொரு பின்சக்கரத்தையும் பல தனிக் கைகள் பிடிக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கினால் ஒரு சொல்: அதில் சில போல்ட்டுகளில் கேம் வாஷர் (மையம் விலகிய வாஷர்) இருக்கும், சக்கரத்தின் கோணத்தை அதுதான் தீர்மானிக்கிறது. இளக்கும் முன் அதன் நிலையைப் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள், முடிந்ததும் அலைன்மென்ட் பாருங்கள். பின்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால் நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், எல்லோரும் முன்பக்கத்தையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். டார்ஷன் பீமில் ஸ்பிரிங், ஷாக் மாற்றுவதால் இந்தக் கோணம் மாறாது.

நாலாம் கியர்:

முடிந்தது. 'டொக்' சுத்தமாகப் போய்விட்டது. இடதும் வலதும் ஒரே அளவு. ஆனால் பின்பக்கம் முன்பைவிட உயரமாக நிற்கிறது, பரவாயில்லையா? நிறுத்தும்போது ஏறி இறங்கினால் ஒரு சின்னக் 'கிறீச்' வேறு வருகிறது.

ரப்பர் புஷ்:

புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடிய பிறகு சில மில்லிமீட்டர் உட்காரும். பழையது தணிந்திருந்ததால் இது உயரமாகவும் தெரியும். முன்விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று ஒரு சுவரில் பாருங்கள். பின்பக்கம் ஏறியதால் ஒளி முன்பைவிடத் தாழ்ந்து விழும். உங்கள் வண்டியில் பீமிலிருந்து பிரேக் வால்வுக்கு ஒரு கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ போகிறதா? பின்பக்கச் சுமைக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அது. இருந்தால், மறுபடி சரியாக மாட்டியிருக்கிறதா, கையேட்டின் அளவில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

'கிறீச்' பெரும்பாலும் ஸ்பிரிங்கின் மேல் ரப்பர் புதிய இடத்தில் உட்காரும் சத்தம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் நின்றால் ரப்பர்தான். சிலிகான் கிரீஸ் தொட்டு வைக்கலாம். என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் படக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

நாலாம் கியர்:

அந்தக் கம்பி இருக்கிறது. வலது கிளிப்பில் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது, நீளத்தையும் கையேட்டோடு ஒப்பிட்டுவிட்டேன். தண்ணீர் அடித்ததும் 'கிறீச்' நின்றது. நட்டுகளை எப்போது மறுபடி பார்க்கட்டும்?

பழைய ஸ்பேனர்:

சக்கர நட்டை 100 கிலோமீட்டருக்குள். மற்றவற்றை அடுத்த தடவை சக்கரம் கழற்றும்போது. போல்ட் தலைக்கும் பீமுக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், இளகினால் கோடு விலகிக் காட்டும்.